சைவ உணவும் உடல்நலமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உணவு ஆலோசனை சொல்வது என் தொழில். பிறந்ததிலிருந்து சைவம்தான் சாப்பிடுகிறேன். என்னிடம் வருபவர்களில் ஒரு சாரார், சைவம் சாப்பிட்டால் நோய் அண்டாது என்று நம்புகிறார்கள். இன்னொரு சாரார், சைவத்தில் சத்தே இல்லை என்று பயப்படுகிறார்கள். இரு தரப்பாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

சைவம் என்றால் எதெல்லாம் சேரும்? பால், முட்டை?

இறைச்சி, கோழி, மீன் மூன்றையும் தவிர்த்தால் அது சைவ உணவு. அதில் பாலும் முட்டையும் சேர்ப்பவர்கள் உண்டு, பாலை மட்டும் சேர்ப்பவர்கள் உண்டு, முட்டையை மட்டும் சேர்ப்பவர்களும் உண்டு. தேன் உட்பட விலங்கிடமிருந்து வரும் எதையும் தொடாதவர்களை வீகன் என்றும் நனிசைவர் என்றும் சொல்கிறோம். வீகன் என்ற சொல் 1944இல் இங்கிலாந்தில் டொனால்டு வாட்சனும் அவருடைய கூட்டத்தாரும் உருவாக்கியது.

இந்த வேறுபாட்டை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. சில சத்துகளைப் பொறுத்தவரை, பால் குடிக்கும் சைவருக்கும் அசைவருக்கும் இடையே உள்ள தூரத்தைவிடப் பால் குடிக்கும் சைவருக்கும் நனிசைவருக்கும் இடையே உள்ள தூரம் அதிகம். "சைவம் நல்லதா" என்று ஒருவர் கேட்டால், "எந்தச் சைவம்" என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன்.

சைவம் சாப்பிட்டால் ஆயுள் கூடுமா?

கூடும் என்று ஒரு பெரிய ஆய்வு சொல்கிறது. வித்தியாசம் தெரியவில்லை என்று இன்னொரு பெரிய ஆய்வு சொல்கிறது. முதலாவது, அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள அட்வென்டிஸ்ட் திருச்சபையினரிடம் நடந்தது. 73,000க்கும் மேற்பட்டோரைச் சராசரியாக ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். அந்தக் காலத்தில் சைவ உணவினரிடம் இறப்பு விகிதம் 12 சதவீதம் குறைவாக இருந்தது. இரண்டாவது, பிரிட்டனில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் நடத்திவரும் எபிக்-ஆக்ஸ்போர்டு ஆய்வு. அதில் மொத்த இறப்பு விகிதத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

சைவம் சாப்பிடுபவர்களில் பலர் புகைப்பதில்லை, மதுவைக் குறைவாகவே தொடுகிறார்கள், உடல் எடையைக் கவனிக்கிறார்கள். ஆய்வாளர்கள் இவற்றைக் கணக்கில் கழித்துப் பார்த்தாலும் முழுவதுமாகக் கழித்துவிட முடியாது. ஆகவே ஆயுளை நீட்டுவதற்காகச் சைவத்துக்கு மாற விரும்புகிறேன் என்பவருக்கு நான் வாக்குக் கொடுப்பதில்லை. இருக்கும் ஆண்டுகளில் சில நோய்களின் வாய்ப்பு குறையும் என்று சொல்ல மட்டும் போதிய ஆதாரம் இருக்கிறது.

இதயத்துக்கு நல்லது என்பது எவ்வளவு தூரம் உண்மை?

சைவ உணவின் மிக உறுதியான நன்மை இதுதான். எபிக்-ஆக்ஸ்போர்டு ஆய்வில் சுமார் 48,000 பேரை 18 ஆண்டுகள் வரை தொடர்ந்து பார்த்து 2019இல் முடிவைச் சொன்னார்கள். இறைச்சி உண்பவர்களைவிடச் சைவ உணவினருக்கு இதயத் தமனி நோய் 22 சதவீதம் குறைவு. அதே ஆய்வில், பக்கவாதம் 20 சதவீதம் அதிகம். செய்தித்தாள்கள் தத்தமக்குப் பிடித்த பாதியை மட்டும் தலைப்பாக்கின. ஆட்களாகக் கணக்கிட்டால் சித்திரம் தெளியும்: ஆயிரம் பேரைப் பத்து ஆண்டுகள் பார்த்தால் இதய நோய் பத்துப் பேருக்குக் குறைகிறது, பக்கவாதம் மூன்று பேருக்குக் கூடுகிறது. அந்த மூன்று பேரும் முக்கியம்தான். கூடியது பெரும்பாலும் மூளையில் ரத்தம் கசிவதால் வரும் வகை. மிகக் குறைந்த கொழுப்பளவோ வைட்டமின் பி12 போன்ற சத்துகளின் குறைவோ காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஊகித்தார்களே தவிர, நிறுவவில்லை.

இதயத்துக்கு ஏன் நல்லது என்பதற்கு விளக்கம் இருக்கிறது. இறைச்சிக் கொழுப்பில் உள்ள நிறைவுற்ற கொழுப்பு, கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல்லைக் கூட்டுகிறது. பருப்பு, ஓட்ஸ், பழங்களில் உள்ள கரையும் நார்ச்சத்து குடலில் பித்த உப்பைப் பிடித்து வெளியேற்றுகிறது. இழந்த பித்த உப்பை ஈடுகட்டக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இரட்டையர்களை வைத்து நடந்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒரே மரபணு கொண்ட 22 ஜோடி இரட்டையரில் ஒருவருக்கு நனிசைவமும் மற்றவருக்கு நல்ல அசைவ உணவும் எட்டு வாரம் கொடுத்தார்கள். 2023இல் முடிவு வந்தது. நனிசைவம் உண்டவர்களின் எல்டிஎல் சராசரியாக 110இலிருந்து 95 அளவுக்கு இறங்கியிருந்தது. மற்றவர்களிடம் பெரிய மாற்றம் இல்லை. மரபணு ஒன்றே, வளர்ந்த வீடும் பெரும்பாலும் ஒன்றே என்பதால் "அவர் உடம்புவாகு அப்படி" என்று இங்கே யாரும் சொல்லித் தப்ப முடியாது.

ரத்த அழுத்தத்திலும் சிறிய நன்மை உண்டு. கட்டுப்படுத்திச் செய்த சோதனைகளைத் தொகுத்து 2014இல் பார்த்தபோது மேல் அழுத்தம் ஏறத்தாழ 5 புள்ளி குறைந்திருந்தது. அதற்காக மருந்தைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம்.

நான் வாழ்நாள் முழுக்கச் சைவம். எனக்கு எப்படிச் சர்க்கரை நோய் வந்தது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களின் குரலில் ஏமாற்றம் தெரியும். ஏதோ ஒப்பந்தத்தை உடம்பு மீறிவிட்டதைப் போலக் கேட்பார்கள். நான் பதிலுக்கு நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்வேன். அண்மையில் ஒருவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: காலையில் வெள்ளை ரொட்டி நான்கு துண்டு, ஜாம், சர்க்கரை போட்ட காபி. பதினோரு மணிக்கு பிஸ்கட். மதியம் தட்டு நிறைய வெள்ளைச் சோறு, உருளைக்கிழங்கு வறுவல், இரண்டு கரண்டி பருப்பு. மாலையில் எண்ணெயில் பொரித்த ஏதோ ஒன்று, மறுபடி காபி. இரவு மறுபடி சோறு. பழம் கிடையாது. காய் என்று சொன்னது அந்த உருளைக்கிழங்குதான்.

இதில் ஒரு துண்டு இறைச்சிகூட இல்லை. முழுச் சைவம். ஆனால் சைவ உணவின் நன்மைகளில் ஒன்றுகூட இதில் இல்லை.

சைவத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் இதுதான்: தட்டிலிருந்து எதை எடுத்தோம் என்பதோடு கதை முடிவதில்லை, எடுத்த இடத்தில் எதை வைத்தோம் என்பதே உடம்புக்குக் கணக்கு. இறைச்சிக்குப் பதில் பயறும் கீரையும் கொட்டைகளும் வந்தால் ஒரு விளைவு. மைதாவும் சர்க்கரையும் வந்தால் அதற்கு நேர்மாறான விளைவு. இது வெறும் அபிப்பிராயம் அல்ல. அமெரிக்காவில் மருத்துவத் துறையில் பணிபுரியும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் உணவுப் பழக்கத்தை ஆராய்ந்து 2017இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு இதைத்தான் காட்டுகிறது. முழுத்தானியம், பழம், காய், பயறு, கொட்டை ஆகியவை அதிகமுள்ள தாவர உணவு உண்டவர்களுக்கு இதய நோய் 25 சதவீதம் குறைவாக இருந்தது. வெள்ளை மாவு, இனிப்புப் பானம், பொரித்த உருளைக்கிழங்கு, மிட்டாய் ஆகியவை அதிகமுள்ள தாவர உணவு உண்டவர்களுக்கு 32 சதவீதம் அதிகமாக இருந்தது. இரண்டுமே தாவர உணவுதான்.

நன்றாக அமைந்த சைவம் சர்க்கரை நோயைத் தடுக்க உதவுகிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அட்வென்டிஸ்ட் திருச்சபையினரிடம் நடந்த ஆய்வில் அசைவர்களில் 7.6 சதவீதம் பேருக்கும் நனிசைவர்களில் 2.9 சதவீதம் பேருக்கும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் இருந்தது. உடல் எடை வித்தியாசத்தைக் கழித்த பிறகும் இடைவெளி மிஞ்சியது.

புற்றுநோய் வராமல் தடுக்குமா?

தடுக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உறுதியாகத் தெரிந்தது ஒன்று உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பட்டியலில் 2015இல் சேர்த்தது. நாளொன்றுக்கு 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி உண்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது. சிவப்பு இறைச்சி 'அநேகமாக உண்டாக்கக்கூடியது' என்ற பிரிவில் இருக்கிறது. சைவம் உண்பவருக்கு இந்த இரண்டும் இல்லை, நார்ச்சத்தும் கூடுதலாகக் கிடைக்கிறது. நன்மை அந்த அளவுதான். வயதுக்கேற்ற புற்றுநோய்ப் பரிசோதனைகளைச் சைவம் உண்பவர்களும் தவறாமல் செய்துகொள்ள வேண்டும்.

சைவத்தில் புரதம் போதுமா?

போதும், ஆனால் தானாக வந்து சேராது. ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்பது வளர்ந்தவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்குச் சுமார் 50 கிராம். வேகவைத்த பருப்பு 100 கிராமில் ஏறக்குறைய 9 கிராம் புரதம் உண்டு. ஒரு டம்ளர் பாலில் 8 கிராம், ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7 கிராம். தானியத்திலிருந்தும் நாள் முழுவதற்கும் 20 கிராம் வரை சேரும். ஆக, வேகவைத்த பருப்போ பயறோ இரண்டு கிண்ணம், பால் அல்லது தயிர் இரண்டு டம்ளர், ஒரு கைப்பிடி கொட்டை என்று இருந்தால் கணக்கு நிறைந்துவிடும். மேலே சொன்னவரின் இரண்டு கரண்டித் தண்ணீர்ப் பருப்பால் நிறையாது.

தானியத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு. ஒன்றின் குறையை மற்றது தீர்க்கிறது. இரண்டையும் ஒரே வேளையில் கலந்து உண்டாக வேண்டும் என்று 1970களில் பரவிய கருத்து இப்போது கைவிடப்பட்டுவிட்டது. ஒரே நாளுக்குள் இரண்டும் வந்து சேர்ந்தால் போதும். சோயாவில் எல்லா அமினோ அமிலங்களும் போதிய அளவில் இருக்கின்றன.

பி12 பற்றி ஏன் எல்லோரும் இவ்வளவு பேசுகிறார்கள்?

என் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். வீட்டுக்குள் நடந்துவரும்போது அவருடைய ஒரு காலில் மட்டும் செருப்பு இருக்கும். இன்னொன்று வாசற்படியிலேயே கழன்று கிடக்கும். கழன்றது அவருக்குத் தெரியாது. பாதத்தில் பஞ்சு ஒட்டியிருப்பது போல இருக்கிறது என்பார். பேசிக்கொண்டே இருக்கும்போது சாதாரணச் சொல் ஒன்று மறந்துபோகும். நாக்கு சிவந்து வழுவழுப்பாக இருக்கும், காரம் பட்டால் எரியும். வயதாகிவிட்டது என்றார் பார்த்த மருத்துவர். ஹீமோகுளோபின் சற்றே குறைவாக இருந்ததால் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். எட்டு மாதம் அதைச் சாப்பிட்டார். நான் இதே துறையில் இருந்துகொண்டு, பால் குடிக்கிறாரே என்று பேசாமல் இருந்துவிட்டேன். கடைசியில் பி12 அளவைப் பார்த்தபோது மிகத் தாழ்வாக இருந்தது. ஊசி போட்ட பிறகு நாக்கு ஒரு மாதத்தில் சரியானது, நினைவும் தெளிந்தது. பாதத்தின் மரமரப்பு முழுதாகப் போகவில்லை. நரம்பு சேதம் நாளாகிவிட்டால் திரும்பாது.

பி12ஐத் தாவரங்கள் தயாரிப்பதில்லை, விலங்குகளும் தயாரிப்பதில்லை. சில பாக்டீரியாக்களால் மட்டுமே தயாரிக்க முடியும். ஆடுமாடுகளின் வயிற்றிலுள்ள பாக்டீரியா தயாரித்து, அது பாலிலும் இறைச்சியிலும் சேர்கிறது. வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு 2.4 மைக்ரோகிராம் போதும். கண்ணுக்கே தெரியாத அளவு அது. ஆனால் அது இல்லாமல் ரத்த அணுக்கள் சரியாக உருவாகாது, நரம்பைச் சுற்றியுள்ள உறை சிதையும்.

இதன் கதையே ஒரு மருத்துவ வரலாறு. கொல்லும் ரத்தசோகை என்று பெயர் பெற்றிருந்த நோய்க்கு, தினமும் அரை ராத்தல் கல்லீரலைத் தின்னக் கொடுத்தால் நோயாளி பிழைக்கிறார் என்று 1926இல் அமெரிக்க மருத்துவர்கள் மைனாட்டும் மர்ஃபியும் காட்டினார்கள். 1934இல் விப்பிளோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்றார்கள். கல்லீரலுக்குள் இருந்த அந்தப் பொருளைச் சிவப்புப் படிகமாகப் பிரித்தெடுத்தது 1948இல். அதன் வடிவத்தைக் கண்டறிந்த டோரத்தி ஹாட்ஜ்கினுக்கு 1964இல் நோபல் கிடைத்தது.

பி12 குறைபாடு கண்ணுக்குத் தப்புவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. ஒன்று, கல்லீரலில் சில ஆண்டுகளுக்குப் போதுமான சேமிப்பு இருப்பதால், உணவை மாற்றியவர்கள் நெடுநாள் நன்றாகவே இருப்பார்கள். இரண்டு, கீரையிலும் பயறிலும் ஃபோலேட் என்ற வைட்டமின் நிறைய இருப்பதால் ரத்தசோகை பெரிதாகத் தெரியாமலே நரம்பு கெட்டுக்கொண்டிருக்கும். மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. பி12 குறைந்தால் சிவப்பணு பெரிதாகும், இரும்புச்சத்து குறைந்தால் சிறிதாகும். இரண்டும் ஒன்றாகக் குறைந்தால் அணுவின் சராசரி அளவு இயல்பாகவே காட்டும். சைவ உணவினரிடம் இரண்டும் சேர்ந்து குறைவது அரிதல்ல. அம்மாவின் அறிக்கையிலும் அந்த எண் இயல்பாகத்தான் இருந்தது.

பால் குடிக்கிறேனே, எனக்கும் மாத்திரை வேண்டுமா?

ஒரு டம்ளர் பாலில் ஒரு மைக்ரோகிராமுக்குச் சற்று மேல் பி12 இருக்கிறது, ஒரு முட்டையில் அரை மைக்ரோகிராம் அளவு. நாள்தோறும் இரண்டு மூன்று டம்ளர் பாலோ தயிரோ உண்மையிலேயே எடுப்பவருக்குப் போதுமானதாக இருக்கலாம். காபியில் ஊற்றும் பால் கணக்கில் வராது. ஐம்பது வயதுக்கு மேல் பலருக்கு வயிற்று அமிலம் குறைந்து, உணவிலுள்ள பி12ஐப் பிரித்தெடுக்க முடியாமல் போகிறது. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும், அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் போன்ற மருந்தை நெடுநாள் எடுப்பவர்களுக்கும் இதே நிலைதான். இவர்கள் பால் குடித்தாலும் பரிசோதித்துப் பார்த்துவிட வேண்டும்.

நனிசைவருக்கு விவாதமே இல்லை: மாத்திரை அல்லது பி12 சேர்த்த உணவு, வாழ்நாள் முழுக்க. நாளொன்றுக்குக் குறைந்தது 10 மைக்ரோகிராம், அல்லது வாரம் ஒருமுறை 2,000 மைக்ரோகிராம் என்பது பிரிட்டனின் வீகன் சங்கமே தரும் அளவு. வாரத்துக்கு ஏன் அவ்வளவு என்று கேட்பார்கள். குடல் ஒரு தடவையில் சுமார் ஒன்றரை முதல் இரண்டு மைக்ரோகிராமைத்தான் முறையாக உறிஞ்சும். அதற்கு மேல் தருவதில் நூற்றில் ஒரு பங்குதான் உள்ளே போகும். மாத்திரையிலுள்ள பி12 பாக்டீரியாவை வளர்த்து எடுப்பது, விலங்கிடமிருந்து எடுப்பதல்ல.

ஸ்பைருலினா, கடற்பாசி, புளிக்கவைத்த உணவு போதாதா?

போதாது. ஸ்பைருலினா எனும் பாசியில் இருப்பது பெரும்பாலும் போலி பி12. மனித உடம்பு அதைப் பயன்படுத்த முடியாது. ரத்தப் பரிசோதனையையும் அது குழப்பலாம். புளிக்கவைக்கும் பாக்டீரியாக்கள் எல்லாமே பி12 தயாரிப்பவை அல்ல. இயற்கையாகவே கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் நரம்பைப் பணயம் வைக்காதீர்கள் என்று இருகை கூப்பிக் கேட்கிறேன்.

கீரை நிறையச் சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லையே?

இறைச்சியில் உள்ள இரும்பில் ஒரு பகுதி ஹீம் வடிவத்தில் இருக்கிறது. அதில் 15 முதல் 35 சதவீதம் வரை உடம்பில் ஏறும். தாவர இரும்பு எளிதில் ஏறாது. உறிஞ்சப்படுவது பல வேளைகளில் பத்து சதவீதத்துக்கும் கீழ். தானியத்திலும் பருப்பிலும் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் அதைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. அதனால் சைவ உணவினருக்கு இரும்புத் தேவை 1.8 மடங்கு என்று அமெரிக்காவின் ஊட்டச்சத்துப் பரிந்துரை கணக்கிடுகிறது. மாதவிடாய் வரும் பெண்களுக்கு இது சாதாரண விஷயமல்ல.

வழி இருக்கிறது. கொண்டைக்கடலையை இரவு ஊறவைத்து, மறுநாள் ஈரத்துணியில் கட்டிவைத்தால் அடுத்த நாள் காலையில் வெள்ளை முளை மூக்கை நீட்டியிருக்கும். அந்த முளைக்குள் வேலை செய்யும் நொதி ஃபைட்டேட்டை உடைத்திருக்கும். வேகவைத்து இறக்கிய பிறகு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துவிடுங்கள். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி கொஞ்சம் வீணாகிவிடும். ஒரே வேளையில் வைட்டமின் சி சேர்ந்தால் தாவர இரும்பு ஏறுவது இரண்டு மூன்று மடங்காகக் கூடும். கொய்யா, ஆரஞ்சு, குடைமிளகாய் எதுவானாலும் சரி.

சாப்பிட்டவுடன் டீயோ காபியோ குடிக்கும் பழக்கம் இதைக் கெடுக்கிறது. டீயில் உள்ள டானின், அதே வேளையில் உண்ட இரும்பில் பாதிக்கும் மேல் ஏறவிடாமல் செய்துவிடும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் பாதிப்பு வெகுவாகக் குறையும். என்னிடம் வரும் பெண்களிடம் முதலில் மாற்றச் சொல்வது இதைத்தான், ஏனென்றால் இதற்குக் காசும் வேண்டாம் மருந்தும் வேண்டாம்.

இன்னொன்று: ஹீமோகுளோபின் இறங்குவதற்கு வெகு முன்பே ஃபெரிட்டின் எனும் இரும்புச் சேமிப்பு தீர்ந்துவிடும். முடி கொட்டுகிறது, படியேறினால் மூச்சு வாங்குகிறது என்றால் ஃபெரிட்டினையும் பார்க்கச் சொல்லுங்கள். பரிசோதிக்காமல் இரும்பு மாத்திரை வாங்கிச் சாப்பிட வேண்டாம். தேவையில்லாதவருக்கு அது கெடுதல்.

எலும்பு பலவீனமாகுமா?

பால் சேர்ப்பவர்கள் பெரிதாகப் பயப்பட வேண்டியதில்லை. நனிசைவர்கள் கவனிக்க வேண்டும். எபிக்-ஆக்ஸ்போர்டு ஆய்வில் 2020இல் வெளியான முடிவின்படி, இறைச்சி உண்பவர்களோடு ஒப்பிட்டால் நனிசைவருக்கு எலும்பு முறிவு 43 சதவீதம் அதிகம். இடுப்பெலும்பு முறிவு இரண்டு மடங்குக்கும் மேல். உடல் எடை குறைவாக இருப்பதும் கால்சியமும் புரதமும் குறைவதும் ஒரு பங்கு காரணம்.

கீரை என்றாலே கால்சியம் என்று எண்ணிவிடக் கூடாது. பசலைக்கீரையில் கால்சியம் நிறைய உண்டு, ஆனால் ஆக்சலேட் என்ற பொருள் அதைப் பூட்டிவைத்திருப்பதால் 5 சதவீதம்தான் ஏறும். பாலிலிருந்து ஏறுவது சுமார் 28 சதவீதம். முட்டைக்கோஸ் குடும்பத்துக் கீரைகள், கால்சியம் சேர்த்து உறையவைத்த டோஃபு எனும் சோயாக்கட்டி, எள், கால்சியம் சேர்த்த சோயாப்பால் ஆகியவற்றை நாடலாம். வைட்டமின் டி எந்த உணவுமுறையினருக்கும் பெரும்பாலும் வெயிலிலிருந்துதான் வருகிறது. அதோடு எடை தூக்கும் உடற்பயிற்சியும் வேண்டும். எலும்பு சுமையைக் கண்டால்தான் உறுதியாகும்.

ஒமேகா-3, அயோடின், துத்தநாகம்?

மீனில் இருக்கும் நீண்ட சங்கிலி ஒமேகா-3 கொழுப்பு சைவத்தில் ஏறக்குறைய இல்லை. ஆளிவிதையிலும் வால்நட்டிலும் இருப்பது அதன் மூலப்பொருள். உடம்பு அதில் சிறு பங்கையே மாற்றுகிறது. ஆளிவிதையைப் பொடித்தே சாப்பிட வேண்டும், முழு விதை அப்படியே வெளியேறிவிடும். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் பாசி எண்ணெய் மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். மீனுக்கே அந்தக் கொழுப்பு பாசியிலிருந்துதான் வருகிறது. அயோடினுக்கு அயோடின் சேர்த்த உப்பு போதும். அலங்கார உப்பு வகைகளுக்கு மாறியவர்கள் பொட்டலத்தைப் படித்துப் பாருங்கள், பலவற்றில் அயோடின் இருக்காது. துத்தநாகத்துக்கும் ஊறவைப்பதும் முளைகட்டுவதும் புளிக்கவைப்பதும்தான் வழி.

பயறு சாப்பிட்டால் வயிறு உப்புகிறது. என்ன செய்வது?

பயறிலுள்ள சில சர்க்கரைகளை நம் குடலால் செரிக்க முடியாது. பெருங்குடல் பாக்டீரியாக்கள் அவற்றை உண்டு வாயுவை வெளிவிடுகின்றன. இறைச்சியை விட்ட மறுநாளே தட்டு நிறையப் பயறு சாப்பிட்டால் வயிறு வலிக்கத்தான் செய்யும். வாரம் வாரமாகக் கூட்டுங்கள். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத்தண்ணீரில் வேகவையுங்கள். தோல் நீக்கிய பருப்பிலிருந்து தொடங்குங்கள். தண்ணீர் போதிய அளவு குடியுங்கள். சில வாரங்களில் பெரும்பாலோருக்குப் பழகிவிடும். குடல் எரிச்சல் நோய் உள்ளவர்களுக்கு மட்டும் தனிக் கவனம் தேவை.

கர்ப்பிணிகளும் குழந்தைகளும் சைவமாக இருக்கலாமா?

பாலும் முட்டையும் சேர்ந்த சைவத்தில் பிள்ளைகள் நன்றாகவே வளர்கிறார்கள். நனிசைவம் பற்றி வல்லுநர்களிடையே ஒத்த கருத்து இல்லை. திட்டமிட்டு உண்டால் எல்லா வயதினருக்கும் ஏற்றது என்று அமெரிக்க உணவியலாளர் அமைப்பு 2016இல் சொன்னது. அதே ஆண்டில் ஜெர்மனியின் ஊட்டச்சத்துச் சங்கம் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் குழந்தைகளுக்கும் நனிசைவத்தைப் பரிந்துரைக்க முடியாது என்றது.

பி12 குறைந்த தாயின் பாலிலும் பி12 குறைவாகவே இருக்கும். பிறந்து சில மாதம் நன்றாக இருந்த குழந்தை, பிறகு தலை நிற்காமல், சிரிக்காமல், கற்ற அசைவுகளை மறந்து பின்னோக்கிப் போவது மருத்துவ இலக்கியத்தில் பலமுறை பதிவாகியிருக்கிறது. ஒரு சிறு மாத்திரை தடுத்திருக்கக் கூடிய துயரம் அது. கர்ப்பம் தரிக்கத் திட்டமிடும்போதே பி12, இரும்பு, அயோடின் மூன்றையும் மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

குழந்தையின் வயிறு சிறியது. நார்ச்சத்து மிகுந்த உணவு சீக்கிரம் வயிற்றை நிரப்பிவிடும், ஆனால் வேண்டிய ஆற்றல் சேர்ந்திருக்காது. எண்ணெய், கொட்டை விழுது, மசித்த பருப்பு, தயிர் என்று அடர்த்தியானவற்றைக் கொடுங்கள். ஐந்து வயதுக்குள் முழுக் கொட்டைகள் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும். எடையையும் உயரத்தையும் குறித்துவையுங்கள். பிள்ளை சரியாக வளர்கிறதா என்பதை அந்தக் கோடு சொல்லிவிடும்.

வயதானவர்களுக்கு?

பல் போய், பசி குறைந்து, மென்மையான சோறும் பாலும் மட்டுமாக உணவு சுருங்கிவிடுகிறது. தசை கரைவது அப்போதுதான். முதியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும். குழைய வேகவைத்த பருப்பு, பாலாடைக்கட்டி, கெட்டித் தயிர், முட்டை உண்பவரானால் முட்டை ஆகியவற்றை மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். பி12 பற்றி முன்பே சொல்லிவிட்டேன்.

உடற்பயிற்சி செய்பவர்களுக்குச் சைவம் தடையா?

இல்லை. புரத அளவைக் கூட்டிக்கொண்டால் தசை வளரும். தசையில் திடீர் விசைக்கு உதவும் கிரியேட்டின் என்ற பொருள் சைவ உணவினருக்குக் குறைவாக இருக்கும், அது தனியாகவும் கிடைக்கிறது.

கடையில் விற்கும் சைவ இறைச்சி நல்லதா?

எப்போதாவது சாப்பிடலாம். உப்பும், பலவற்றில் தேங்காய் எண்ணெயின் நிறைவுற்ற கொழுப்பும் அதிகம். பின்பக்க அட்டையைப் படித்துவிட்டு வாங்குங்கள். வேகவைத்த பயறுக்கு அது மாற்றாகாது.

யார் மருத்துவரைக் கேட்காமல் மாறக் கூடாது?

சிறுநீரக நோய் உள்ளவர்கள் முதலில் கேட்க வேண்டும். பழம், காய், பயறு எல்லாவற்றிலும் பொட்டாசியம் உண்டு, சிறுநீரகம் பழுதானால் அது ரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே குலைக்கும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டினால் மருந்தின் அளவு பிசகும். சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்களுக்கு உணவு மாறும்போது மருந்தும் மாற வேண்டியிருக்கலாம். வளரிளம் பருவத்துப் பிள்ளை ஒவ்வொரு உணவாக வெட்டிக்கொண்டே வந்து கடைசியில் சைவம் என்று நின்றால், அது கொள்கையா அல்லது உணவையே வெறுக்கும் நோயின் தொடக்கமா என்று பெற்றோர் அன்போடு விசாரிக்க வேண்டும்.

என்ன பரிசோதனைகள், எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை?

முழு ரத்த எண்ணிக்கை, பி12, ஃபெரிட்டின், வைட்டமின் டி. ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளும்படி நான் சொல்கிறேன். பி12 எல்லைக்கோட்டில் இருந்தால் மெத்தில்மலோனிக் அமிலம் அல்லது ஹோமோசிஸ்டீன் பரிசோதனை சந்தேகத்தைத் தீர்க்கும். மாத்திரை தொடங்குவதற்கு முன்பே ரத்தம் கொடுங்கள், தொடங்கிய பிறகு பார்த்தால் எண் ஏறிவிட்டிருக்கும், உண்மை நிலை தெரியாது. கால் மரமரப்பு, நடையில் தடுமாற்றம், நாக்கு எரிச்சல், காரணமில்லாத மறதி இவற்றில் ஏதாவது இருந்தால் ஆண்டு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே போய்ப் பாருங்கள்.